பாறைக்குழிக்கு மூன்று மோட்டார்

ஆகஸ்ட் 11, திங்கள்

எங்கள் மோட்டார் யூனிட்டில் டெஸ்ட் ரீடிங் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பாதி எழுதிய இந்த நோட்டைக் குப்பையில் போடப் பார்த்தார்கள், நான் எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடமாக மோட்டாருக்கு ஜாதகம் எழுதிய கை, சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

இன்று ஒரு பாலிடெக்னிக் வாத்தியார் வந்தார். அருமைநாயகம் என்று பெயர், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். முப்பது வயது இருக்கும். மாணவர்களை வைத்து, தண்ணீருக்குள் போய்ப் படம் பிடிக்கிற ஒரு மெஷின் செய்கிறாராம். பிளாஸ்டிக் குழாயில் ஒரு கூடு, நடுவில் கேமரா, தள்ளிக்கொண்டு போக மூன்று மோட்டார். அந்த மோட்டாரில் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். என் கட்டைவிரல் தடிமன்தான்.

"இதென்னங் சார், பொம்மக் காருக்குங்களா?" என்றாள் பக்கத்து டேபிள் ருக்மணி. வாத்தியாரும் சிரித்தார். தொட்டியில் நன்றாக ஓடுகிறதாம், கிணற்றில் இருபதடி இறக்கினால் தண்ணீர் உள்ளே போய் நின்றுவிடுகிறதாம். நாங்கள் செப்புக் கம்பி சுற்றிக் கட்டுகிற மோட்டார் எண்ணூறு அடி போர்வெல்லில் வருடக்கணக்காகக் கிடக்கிறது. அதனால் எங்களிடம் வந்திருக்கிறார்.

முதலாளி என்னைக் கைகாட்டினார். "நம்ம சுலோச்சனா கட்டுன மோட்டாருன்னா எட்டு வருசத்துக்கு மேல தூக்க வேண்டாமுங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்குமா? "பாவம், இதோட வீட்டுக்காரரு சித்திரையில பாறைக்குழில விழுந்துட்டாருங்க, இன்னும் பாடி கெடைக்கல" என்று முழுக்கதையையும் கொட்டிவிட்டார்.

வாத்தியார் முகம் மாறிவிட்டது. "எவ்வளவு ஆழம்க்கா?"

"நூத்தி நாப்பது அடிங்கறாங்க."

"நம்ம மெஷின் அங்க போகும்க்கா. மோட்டாருக்குள்ள தண்ணி வராம நீங்க பாத்துக்கோங்க, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயில் ஒரு காரணமும் வரவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வாத்தியார் விவரம் கேட்டார். போலீசிடம் சொன்னதையே சொன்னேன். ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை. ஷிஃப்ட் முடிந்து ஆறேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன், அவர் இல்லை. மறுநாள் காலையில் பாறைக்குழி ஓரம், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, அவர் வண்டி நின்றது. சாவி வண்டியிலேயே இருந்தது. ஃபயர் சர்வீஸ்காரர்கள் இரண்டு நாள் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினார்கள். இரண்டு பேர் ஐம்பதடி வரை முங்கிப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே முடியாது என்று ஏறிவிட்டார்கள். போட்டிருந்த துணியோடு போனவர்.

மூன்றாம் நாள் மேலே வந்திருக்க வேண்டுமே என்று ஊரில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். பெரிய டாக்டர்கள். கல் வெட்டி எடுத்த குழி, அடியில் ஐஸ் மாதிரி குளிர் இருக்கும், குளிரில் உடம்பு ஊதாது. பாறை இடுக்கில் மாட்டியும் இருக்கலாம். இதை எத்தனை தடவை சொல்வது?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மச்சாண்டார் வந்தார். என் வீட்டுக்காரருடைய அண்ணன், பொன்னுச்சாமி. மெஷின் விஷயம் அவர் காதுக்கு எட்டிவிட்டது. "இருக்கறானா இல்லியான்னு தெரிஞ்சாப் போதும் அம்மிணி. நெனச்சு அழுகறதா, தேடறதான்னே தெரியாம இருக்கறேன்" என்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். காபி போட்டுக் கொடுத்தேன்.

அவரே என் மகள் பிரதீபாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். சேலத்தில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள், ஹாஸ்டல். எனக்குக் கூப்பிட்டு, "எப்பம்மா எறக்குவாங்க? எந்த ஞாயித்துக்கெழம?" என்று மூச்சு விடாமல் கேட்டாள்.

இவள் அப்பா போனதற்கு முந்தின நாள் இவளுக்குப் போன் பண்ணியிருக்கிறார். மறுநாள் பரீட்சை. "சும்மா சும்மா கூப்ட்டு ஏம்ப்பா உசுர எடுக்கறீங்க" என்று வைத்துவிட்டாளாம். அந்த ஒரு வார்த்தையால்தான் அப்பா குதித்துவிட்டார் என்று இவளாக முடிவு கட்டி, நாலு மாதமாக உருகுகிறாள். அதெல்லாம் இல்லை கண்ணு என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்கிறாள். அதற்குமேல் என்ன சொல்ல?

ஆகஸ்ட் 30, சனி

முதல் மோட்டார். ஒரு துண்டுக் குழாய்க்குள் அதை உட்கார வைத்து, சுற்றிலும் மெழுகு உருக்கி ஊற்றினோம். ஷாஃப்ட் வெளியே வருகிற வாயில் ஒரு ரப்பர் சீல். சீலுக்கு ஓர் உதடு உண்டு. அந்த உதடு தண்ணீரைப் பார்த்து இருக்க வேண்டும். தண்ணீர் அழுத்த அழுத்த அது ஷாஃப்டை இறுக்கிப் பிடிக்கும். வாத்தியார் இதைக் கேட்டு மாணவன் மாதிரி குறித்துக்கொண்டார். சீலை நான் மாட்டினேன்.

பிறகு எங்கள் டெஸ்ட் குழாய்க்குள் போட்டு மூடி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினோம். நூற்றி நாற்பது அடிக்கு நாலரைக் கிலோ வேண்டும். இரண்டு கிலோவிலேயே மோட்டார் முனகி நின்றது. கரண்ட் கசிவு பார்க்கிற மெக்கர் மீட்டரை வைத்துப் பார்த்தால் முள் பூஜ்யத்தில் கிடந்தது. அப்படியென்றால் உள்ளே ஈரம்.

"மெழுகு பத்தலன்னு நெனக்கேன்க்கா," என்றார் வாத்தியார்.

இருக்கலாம் என்றேன்.

செப்டம்பர் 6, சனி

இரண்டாவது மோட்டாரும் போச்சு. வீட்டில் துவரம்பருப்பில் வண்டு.

செப்டம்பர் 10, புதன்

சோறு வடிக்கும்போது, அவருக்கு இந்நேரம் பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும், ஒழுங்காக வாங்கிப் போடுகிறாரோ என்னவோ என்று ஒரு நினைப்பு ஓடியது. பைத்தியம்தான் எனக்கு. தண்ணீருக்குள் கிடப்பவருக்கு எதற்கு மாத்திரை?

செப்டம்பர் 14, ஞாயிறு

மெழுகைக் கூட்டி ஊற்றியதில் டெஸ்டில் மூன்று கிலோ தாங்கிய மூன்று மோட்டார்களை வைத்துக்கொண்டு, இறக்கித்தான் பார்ப்போமே என்று வாத்தியார் மெஷினோடு வந்துவிட்டார். மச்சாண்டார் கரையில் கற்பூரம் ஏற்றினார். வேடிக்கை பார்க்க முப்பது பேர்.

லேப்டாப்பில் பச்சை நிறம் மட்டும் தெரிந்தது. போகப் போகக் கரும்பச்சை. அறுபதடியில் வலதுபக்க மோட்டார் நின்றது. மெஷின் ஒரே இடத்தில் தட்டாமாலை சுற்ற ஆரம்பித்தது. ஒயரைப் பிடித்து இழுத்து மேலே எடுத்தார்கள். வாத்தியார் அழாத குறைதான். பிரதீபா போனில், "அடுத்த வாரம் ஆயிருமாம்மா?" என்றாள்.

எனக்கு நல்ல பசி. வீட்டுக்கு வந்து நாலு தோசை சாப்பிட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் ருக்மணி என் டேபிளுக்கு வந்தாள். நின்றுபோன சின்ன மோட்டாரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு யாருக்கும் கேட்காத மாதிரி, "அக்கா, ஒதடு உள்ள பாத்து இருக்குதுங்க்கா" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். ஆமாம்.

"எதுல?"

"மூணுலயும்."

எனக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்றேன். அவளுக்கு சீல் மாட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். கண்ணைக் கட்டிக்கொண்டு, விரலால் தடவியே மாட்டப் பழக்கினேன். தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு முட்டையை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு ஏனோ கோபம் கோபமாக வந்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பெரிய மோட்டார்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டோம். வாத்தியார் தன் கட்டைவிரல் மோட்டார்களுக்கும் பொட்டு வைத்துக்கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினார்.

முதலாளியம்மா குங்குமத் தட்டோடு வந்தார். என்னைத் தாண்டி இரண்டு எட்டு போய், திரும்பி வந்து, "எடுத்துக்கம்மா, இன்னும் ஒண்ணும் தெரியலயில்ல" என்றார். இரண்டு விரல் அள்ளி வைத்துக்கொண்டேன்.

இருக்கட்டும். பாறைக்குழிக்குப் புருஷனைக் கொடுத்தவள் என்றால் ஊரில் ஒரு பரிதாபம் இருக்கிறது. குழாயடியில் முதலில் பிடிக்க விடுகிறார்கள். விசேஷ வீட்டில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள். எதிர்வீட்டு வசந்தாமணி புருஷன் அவளை விட்டுவிட்டுப் போய் ஆறு வருடம். அவளைப் பற்றி என்னென்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானே எவ்வளவோ பேசியிருக்கிறேன். புருஷனை வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று அவள் காது கேட்கவே சொன்னேன்.

அக்டோபர் 11, சனி

வாத்தியார் சீலை இப்போது தானே மாட்டுகிறார். சரியாகத்தான் மாட்டுகிறார். அப்படியும் மூன்றரைக் கிலோவில் ஒழுகிவிட்டது. குழாய்க்குள்ளே காற்று இருக்கும்வரை, வெளியே அழுத்துகிற தண்ணீர் எப்படியாவது ஒரு வழி கண்டுபிடித்து உள்ளே வரத்தான் செய்யும். வாத்தியார் இன்னும் கெட்டியான மெழுகு தேடுகிறார். தேடட்டும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பிரதீபா வந்திருக்கிறாள். போன தீபாவளி சுடிதார் தோளிலிருந்து வழிகிறது. பட்டாசு வேண்டாம், பலகாரம் வேண்டாம் என்றாள்.

அக்டோபர் 22, புதன்

காலையில் பால் வாங்கப் போகிறேன் என்று போனவள் ஒன்பது மணி வரை வரவில்லை. போன் வீட்டிலேயே கிடந்தது. ருக்மணியின் வீட்டுக்காரர்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். பாறைக்குழி விளிம்பில், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

கன்னத்தில் ஓர் அறை விட்டேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

"சும்மா பாத்துட்டு வரலாம்னு போனேன்மா," என்றாள். "கிளாஸ்ல தண்ணில செத்தவங்களப் பத்தி நடத்துனாங்க. கண்ணு தொறந்தேதான் இருக்குமாம். அப்பா தெனம் கண்ணத் தொறந்துட்டு என்னையவே பாக்கற மாதிரி இருக்குது. சாப்பிட ஒக்காந்தா பாக்கறாரு. எழுத ஒக்காந்தா பாக்கறாரு. போயி ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டு வந்தர்லாம்னுதான் போனேன்."

"மேல இருந்தா, உள்ள போயா?" என்று கேட்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

யூனிட்டுக்கு லீவு சொல்லிவிட்டேன். அவள் தூங்குகிறாள். நான் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறேன். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை எழுந்து அவள் பக்கத்தில் போனேன். என் வாயால் சொன்னால் நம்புவாளா? என்னைத் தேற்றப் பொய் சொல்கிறாய் என்பாள். அவளுக்குக் கண்ணால் பார்க்க வேண்டும்.

இப்படி எழுதுகிறேன். ஆனால் சொல்வதற்கு எனக்கு நாக்கு எழவில்லை என்பதுதான் நிஜம்.

அக்டோபர் 24, வெள்ளி

பிரதீபாவை மச்சாண்டார் வீட்டில் விட்டுவிட்டு நேரே பாலிடெக்னிக் போனேன்.

"சார், மெழுகெல்லாம் சொரண்டிப் போடுங்க. உள்ள எண்ணெய் ஊத்தோணும்."

"எண்ணெயா?"

"எங்க பெரிய மோட்டாருக்குள்ள நாங்க காத்து விடறதில்லீங் சார். மொதல்லயே தண்ணி ரொப்பித்தான் எறக்குவோம். உள்ள நெறஞ்சிருந்தா வெளித் தண்ணிக்கு உள்ள வர எடமில்ல. இது கார்பன் வெச்ச மோட்டாரு, தண்ணி ஆகாது. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் ஊத்துங்க, ஒண்ணும் ஆகாது. பக்கவாட்டுல ஒரு மெல்லிசு ரப்பர் குழாய் வெச்சர்லாம். வெளிய தண்ணி அமுக்குனா குழாய் அமுங்கும், எண்ணெயும் அதே அளவு திருப்பி அமுக்கும். ரெண்டு பக்கமும் சமம்."

வாத்தியார் கையிலிருந்த மோட்டாரைக் கீழே வைத்தார்.

"அக்கா, இது ஒங்களுக்கு மொத நாளே தெரியுமாக்கா?"

மோட்டாரை எடுத்து மெழுகைச் சுரண்ட ஆரம்பித்தேன். அவர் எதிரே உட்கார்ந்து இன்னொன்றை எடுத்துச் சுரண்டினார். அன்று முழுக்க என்னை அக்கா என்று கூப்பிடவே இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

மூன்று மோட்டாரும் முடிந்தது. எண்ணெய்ப் பாத்திரத்துக்குள்ளேயே முக்கி வைத்து, ஷாஃப்டை விரலால் சுற்றிச் சுற்றி, தட்டித் தட்டி, கடைசிக் குமிழி வரை வெளியேற்றினேன். மூன்று மணி நேரம் ஆனது. சீலின் உதடு வெளியே பார்க்கிறது. ருக்மணியைக் கூப்பிட்டு, தடவிப் பார்க்கச் சொன்னேன். "சரியா இருக்குதுங்க்கா," என்றாள்.

டெஸ்ட் குழாயில் ஆறு கிலோ ஏற்றி ஒரு நாள் முழுக்க வைத்தோம். மெக்கர் முள் உச்சியிலிருந்து அசையவில்லை. நான் கட்டிய எந்த மோட்டாரும் இவ்வளவு நன்றாக வந்ததில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

காலை எட்டரைக்கு இறக்கினார்கள். பிரதீபா லேப்டாப் முன்னால், மச்சாண்டார் அவள் பக்கத்தில். நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அறுபதடி. எண்பது. நூறு. மூன்று மோட்டாரும் வண்டு மாதிரி ஒரே சீராக ஓடின. நூற்றி முப்பத்தெட்டில் தரை வந்தது.

முதலில் தெரிந்தவர் பிள்ளையார். பக்கத்தில் இன்னொரு பிள்ளையார். சதுர்த்திக்குக் கரைத்தவை, சாயம் போய், துதிக்கை உடைந்து, வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பிறகு ஒரு லாரி டயர், உடைந்த டைல்ஸ் குவியல், மூட்டை மூட்டையாகக் குப்பை. ஒவ்வொரு மூட்டையிடமும் பிரதீபா, "சார், கிட்டப் போங்க, இன்னும் கிட்டப் போங்க" என்றாள். கிட்டப் போனார். சுவர் ஓரம், இடுக்கு, படிக்கட்டாக வெட்டிய பாறை, எதையும் விடவில்லை. மூன்று தடவை பேட்டரி மாற்றினார்கள். நாலு மூலையும் இரண்டு தடவை பார்த்தாயிற்று.

இரண்டு மணிக்கு வாத்தியார் மெதுவாகச் சொன்னார். "இங்க யாரும் இல்லம்மா."

மச்சாண்டார் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, கை இரண்டையும் தலைக்குமேல் கூப்பினார். "என்ற தம்பி இருக்கறான். எங்கயோ உசுரோட இருக்கறான்." கூட்டத்தில் இருந்தவர்கள் என் கையைப் பிடித்து, உன் தாலி பாக்கியம் என்றார்கள். ஒருத்தி ஓடிப்போய்ச் சர்க்கரை வாங்கி வந்து என் வாயில் போட்டாள்.

பிரதீபா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அப்பா சாகலம்மா, என்னால சாகலம்மா" என்று விம்மினாள். ஏழு மாதத்துக்குப் பிறகு என் பிள்ளை சிரித்ததைப் பார்த்தேன். சர்க்கரை வாயில் கரைந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்விடலாம் போல் இருந்தது எனக்கு.

நவம்பர் 10, திங்கள்

காலையில் அவள் இட்லி கேட்டாள். நாலு தின்றாள். தின்றுகொண்டே, "அப்பா ஏம்மா எங்கயும் சொல்லாமப் போனாரு? ஞாபகம் கீபகம் மறந்திருக்குமா?" என்று கேட்டாள்.

இனிமேல் எந்த மோட்டாரும் என்னைக் காப்பாற்றாது. சொன்னேன்.

போவதற்கு முந்தின நாள் குழாயடியில் வைத்து, "உங்கூட இருக்க எனக்கு மூச்சு முட்டுது, நான் போறேன்" என்றார். "போங்களே, யாரு கையப் புடிச்சா" என்றேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது பீரோவில் அவர் துணி இல்லை. மாத்திரை டப்பா இல்லை. ஆதார் கார்டு இல்லை. மறுநாள் வண்டி பாறைக்குழி ஓரம் நிற்கிறது என்று ஊரே ஓடியது. எதிரே பஸ் ஸ்டாப் இருப்பதை யாரும் பார்க்கவில்லை. விழுந்துட்டாரு, விழுந்துட்டாரு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

பிரதீபா கை கழுவவில்லை. சட்னி காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும் கண்ணு."

"நான் தெனம் போன்ல அழுதனே. அப்பவும் தெரியும்."

தலையை ஆட்டினேன்.

"ஏம்மா? நான் செத்துருந்தா?"

என்னை வேண்டாம் என்று ஒருத்தர் போய்விட்டதை யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றேன். அவர் தண்ணீருக்குள் கிடந்தால் எனக்கு ஒரு மரியாதை இருந்தது என்றேன். கேட்க எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது. அவள் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு, பையில் துணியை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

நவம்பர் 12, புதன்

மச்சாண்டார் வீட்டில் இருக்கிறாள். போனை எடுக்கவில்லை. மச்சாண்டாரும் எடுக்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

காலை பத்து மணிக்கு பிரதீபா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "ஸ்டேஷன்ல வந்து நீயே சொல்லு. எங்கண்ணு முன்னாடி சொல்லு."

போனோம். அவள் முன்னால், நான் பின்னால். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் வசந்தாமணியும் ஒருத்தி, பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்திருந்தாள்.

ரைட்டர் ஒரு சின்னப் பெண். ஃபைலைத் தேடி எடுத்து, "காணாமப் போன கேஸ்தானுங்க? ஏதாச்சும் தகவல் வந்துச்சுங்களா?" என்றாள்.

"காணாமப் போகலீங்க. என்னைய வேண்டாம்னு விட்டுட்டுப் போயிட்டாருங்க."

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஃபேன் சத்தம். "என்னங்க?"

இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். பெஞ்சில் பேச்சு நின்றது. வசந்தாமணி என்னைப் பார்த்துவிட்டு, உடனே தலையைக் குனிந்துகொண்டாள். நானாக இருந்தால் குனிந்திருக்கமாட்டேன்.

"இது உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

பிரதீபா என் வாயையே பார்த்தாள்.

"ஏப்ரல் பதினெட்டுங்க. சாயங்காலம் ஆறேகால்."

எழுதிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து, பிரதீபா பின்னாலேயே பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தேன். தண்ணீர் பாட்டிலும் இரண்டு வாழைப்பழமும் வாங்கி நீட்டினேன். வாங்கவில்லை. சேலம் பஸ்ஸில் ஒரே கூட்டம். பின்வாசல் வழியாக ஏறினாள். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு பஸ்ஸின் நீளத்துக்கும் நடந்தேன், ஒன்றிலும் அவள் முகம் இல்லை. உட்கார இடம் கிடைத்ததா, சேலம் வரைக்கும் நின்றுகொண்டே போனாளா, தெரியவில்லை.